எட்டு மணிக் கதை

மார்ச் 23, சனிக்கிழமை

காலையில் ஷாஹிதா மிஸ் வந்தாள். இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். எங்கள் மகள் ரெஜினாவை விடச் சின்னவள். நோன்பு என்பதால் தண்ணீர்கூட வாங்கவில்லை. எனக்கும் தவக்காலம், ஒருசந்தி, ஒரு வேளைச் சோறுதான். பட்டினிக்காரிகள் இரண்டு பேர் நடுவில் இவர் மட்டும் இட்லியை மென்றுகொண்டு சுவரைப் பார்த்திருந்தார்.

பொங்கல் கழிந்து பக்கவாதம் வந்ததிலிருந்து இவர் வாயில் 'தா' என்ற ஒரு சத்தம்தான். தண்ணீருக்கும் தா, வலிக்கும் தா, என்னைக் கூப்பிடவும் தா. இப்போது அதுவும் குறைந்துவிட்டது. மிஸ் படங்களைக் காட்டினாள். குடை, வாழைப்பழம், நாய். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"அம்மா, உள்ளதைச் சொல்றேன். அப்பாவுக்கு எல்லாம் புரியுது. வார்த்தையும் உள்ளதான் இருக்கு. ஆனா முயற்சி பண்றத விட்டுட்டாங்க. இந்த முதல் சில மாசத்துலதான் பேச்சு திரும்ப வழி அதிகம். இப்ப விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

"நான் என்ன செய்யணும் மிஸ்?"

"குடையும் வாழைப்பழமும் அவங்களுக்கு எதுக்கு? எதுல ஆசையோ அதுலேருந்துதான் வார்த்தை வரும். டிவியில அப்பா விரும்பி என்ன பாப்பாங்க?"

இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆகாயத்தில் தொங்கும் கூண்டுக்குள் நாள் முழுக்க ஒற்றையாக உட்கார்ந்துவிட்டு வருவார். வந்தால் வாசலில் நாற்காலி. உள்ளே டிவி என்னுடையதும் ரெஜினாவுடையதும். ரிமோட்டை இவர் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். டிவியில் எட்டு மணிக் கதை முடிகிறவரை வெளியிலேயே இருப்பார். முடிவுப் பாட்டு கேட்ட பிறகுதான் சாப்பிட உள்ளே வருவார். அழுகைச் சத்தம் பிடிக்கவில்லை போல என்று விட்டுவிடுவேன்.

"எல்லாம் பாப்பாவ" என்று சொல்லிவைத்தேன்.

"அப்ப ஒரு வாரம் எல்லாத்தையும் போட்டுப் பாருங்கம்மா. தினம் ஒரு தினுசு. எதுக்குத் திரும்பிப் பாக்குறாங்க, எதுக்கு முகம் மாறுதுன்னு எழுதி வைங்க. அடுத்த வாரம் நான் வரும்போது சொல்லுங்க."

எழுதிவைக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள்தான். மற்றதெல்லாம் பொட்டலத் தாளிலும் கோயில் பத்திரிகையிலும் நானாகப் படித்தது. ஆனாலும் இந்த வீட்டுக்குள் வந்த உப்பும் புளியும் என் கணக்குக்குத் தப்பியதில்லை. இதையும் வரவு செலவாகவே எழுதிவிடலாம்.

ஒரே ஒரு சிக்கல். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கும்போது ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டேன். பாஸ்கா வரைக்கும், அவர் உயிர்க்கிற நாள் வரைக்கும், கதை பார்ப்பதில்லை, கேட்பதில்லை, பேசுவதில்லை; அதற்குப் பதிலாக இவர் பேச்சைத் தாரும் என்று. கறி மீனை விடுவது எனக்குப் பெரிதில்லை. என்னிடம் உள்ளதில் ஆசையானது அந்தக் கதைதான், அதனால்தான் அதைக் கொடுத்தேன். அன்றைக்கே டிவி மேல் குரோஷா துணியைப் போர்த்தி, முன்னால் மாதா படத்தையும் வைத்துவிட்டேன்.

யோசித்துச் செய்த முடிவு: மருந்துக்காக டிவி போடலாம். கதை மட்டும் கூடாது.

இரவுச் சாப்பாட்டில் இவர் தட்டு விளிம்பை விரலால் தட்டினார். ரசம் ஊற்றினேன். கல்யாணமானதிலிருந்து உள்ள பழக்கம். ரசம் கேட்க இவருக்கு அன்றைக்கும் வாய் வராது, விரல்தான். ஆனால் ஊற்றியதைத் தொடவில்லை. இந்தத் தவக்காலம் முழுக்க இப்படியே. தட்டுகிறார், ஊற்றினால் குடிப்பதில்லை.


மார்ச் 24, குருத்து ஞாயிறு

முதல் பூசைக்குப் போய்விட்டு, மாதா படத்தை அலமாரிக்கு மாற்றி, துணியை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு ஜெசிந்தா குருத்தோலையோடு வந்து நின்றாள். புருஷன் விசைப்படகில் போகிறவன். அவன் கடலில் இருக்கிற நாளெல்லாம் இவள் என் அடுப்படியில்.

"என்னக்கா, பாஸ்கா வரைக்கும் பெட்டியத் தொறக்க மாட்டேன்னிய? அதுக்குள்ள உயிர்த்துட்டா?"

"மருந்துக்கு. மிஸ் சொல்லியிருக்கா."

"நல்ல மருந்து. அப்ப அந்தக் கதையுஞ் சேத்தா? யக்கா, நீங்க விட்ட பிறகு அங்க என்னெல்லாம் நடந்துட்டு தெரியுமா? அந்த வசுந்தரா இருக்காள்ல..."

"வாய மூடுட்டி!"

காதைப் பொத்திக்கொண்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஓலையில் சிலுவை முடைய உட்கார்ந்தாள். கட்டிலில் இவர் 'தா' என்றார். தண்ணீர் கொடுத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டார்.

பிற்பகலில் ரோமாபுரிப் பூசையை நேரடியாகக் காட்டினார்கள். அந்தக் கூட்டம்! கையில் பனை ஓலையும் ஒலிவக் கிளையுமாக, ஒரு தோட்டமே எழுந்து நடந்து வருகிற மாதிரி. அங்கே அடிக்கிற வெயில் இந்த நிமிஷமே என் கூடத்தில், அரிசி டப்பா மேலே விழுகிறது. முழங்காலில் நின்றே பார்த்தேன். இவருடைய இடது கையில் குருத்தைப் பிடிக்கக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் விரல் விட்டுவிட்டது.

வரவு: இல்லை.


மார்ச் 25, திங்கள்

கடலுக்கு இவ்வளவு ஆழம் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிறந்ததிலிருந்து தூத்துக்குடிதான். கடலை ஒரு மேல்துணி மாதிரியே பார்த்து வந்திருக்கிறேன். அதன் மேல் வள்ளம் போகும், கப்பல் போகும், மீன் வரும், அவ்வளவுதான். இன்றைக்குக் காட்டினார்களே, சூரியன் எட்டாத அடி! அங்கே ஒரு மீன் தன் நெற்றியிலேயே விளக்கை ஏந்திக்கொண்டு போகிறது. கண்ணாடி மாதிரி ஒரு பிராணி, உடம்பு முழுக்க வண்ண வண்ணமாக வெளிச்சம் ஓடுகிறது, பனிமய மாதா தேர் வருகிற அன்று தெருவில் போடுவார்களே, அந்த விளக்குச் சரம் மாதிரி. தமிழில் பேசின ஆள் சொன்னார், இவற்றில் பலவற்றை இதுவரை ஒரு மனுஷக் கண்ணும் கண்டதில்லையாம்.

யாரும் பார்க்காத இருட்டுக்குள் எதற்கு ஆண்டவரே இந்த ஜோடனை? யாரை எதிர்பார்த்து?

வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டேன். பருப்பு அடிப்பிடித்து வீடே நாறிய பிறகுதான் எழுந்தேன். கடல்காரர் ஆயிற்றே, இவர் பார்ப்பார் என்று பெரிதாக நம்பியிருந்தேன். தூங்கிவிட்டார். தூங்கினாரா, கண்ணை மூடியிருந்தாரா, தெரியவில்லை.

வரவு: எனக்கு உண்டு. இவருக்கு இல்லை.


மார்ச் 26, செவ்வாய்

ஒரே நாளில் மூன்று தினுசு.

காலையில் சமையல். மைதா மாவில் ஏதோ கோபுரம் கட்டி அதற்கு மேல் சீனிப்பாகை நூலாக இழுத்து ஊற்றினார்கள். அழகுதான், யாருக்கும் வயிறு நிறையாது. மதியம் எறும்புகள். ஒன்றையொன்று கவ்விப் பிடித்துத் தங்கள் உடம்பாலேயே பாலம் போட்டுக்கொண்டு வாய்க்காலைத் தாண்டின. கீழே தொங்குகிற எறும்பை மிதித்துத்தான் மற்றவை போகின்றன. அது விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் சர்க்கரை டப்பாவில் ஏறினாலும் தட்டித்தான் விடுவேன், நசுக்க மாட்டேன்.

மாலையில் கிரிக்கெட். ரெஜினா பெங்களூரிலிருந்து போனில் சொல்லித்தந்தாள்.

"ம்மா, மஞ்சச் சட்டதான் நம்ம ஆளு. அவன் அடிச்சா அப்பாகிட்ட கை தட்டு."

"எல்லாரும் ஓடுதானுவ, எதுக்கு ஓடுதானுவன்னு தெரியலையே."

"நீ ஓட வேண்டாம், தட்டு போதும். அப்பா பாக்குறாரா?"

"பாக்காவ" என்றேன். வேறென்ன சொல்ல? அவள் அங்கே ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அழுதால் யார் தேற்றுவது?

ஒன்று நடந்தது. மைதானத்துக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு காமிரா போகிறது. அதிலிருந்து கீழே காட்டும்போது மனுஷர்கள் எல்லாம் மிளகு சிந்தின மாதிரி இருந்தார்கள். அப்போது இவருடைய இடது புருவம் உயர்ந்தது. உண்மையாகவே உயர்ந்தது. மேலே இருந்து பார்த்தே பழகிய ஆள் அல்லவா?

வரவு: ஒரு புருவம்.

பிடித்துக்கொண்டேன். நாளைக்கு என்ன போடுவது என்று தெரிந்துவிட்டது.


மார்ச் 27, புதன்

ராட்சத இயந்திரங்கள் என்று ஒரு நிகழ்ச்சி. ஏதோ தூரதேசத் துறைமுகம். ஒரு மலையைப் போல் கப்பல், அதன் மேல் கட்டிடம் கட்டிடமாகப் பெட்டிகள். கிரேன் ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் வைக்கிறது, நான் தட்டில் இட்லி எடுத்து வைப்பது போல, சத்தமே இல்லாமல். இத்தனை வருஷம் இவர் செய்த வேலையை இன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். இதைச் செய்துவிட்டா இந்த மனுஷன் ஒன்றுமே நடக்காதது போல் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்?

"என்னங்க, இதான் நீங்க ஓட்டுனதா? இவ்வளவு உசரமா?" என்று திரும்பினேன்.

இவர் அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லை. இடது கை மட்டும் மடியில் ஏதோ ஒன்றை மெதுவாக முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தது. இல்லாத லீவர்.

டிவியை அணைத்துவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவர் பிறகு திரும்பவே இல்லை. இரவு ரசத்துக்குக்கூடத் தட்டவில்லை.

செலவு: எழுத மனம் இல்லை.


மார்ச் 28, பெரிய வியாழன்

எண்ணெய் வாங்கினேன். கோயில் கஞ்சிக்குப் பயறு கொடுத்தேன்.

பாதம் கழுவும் சடங்குப் பூசைக்குப் போக வேண்டும். நேற்றைய அழுகைக்குப் பிறகு இவரைத் தனியாக விட மனமில்லாமல் ஜெசிந்தாவை உட்கார்த்திவிட்டுப் போனேன். பங்குச் சாமியார் இந்த முறை துப்புரவு வேலை செய்கிற பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். அவர் குனிந்து ஒவ்வொரு காலாகக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். அதில் ஒருத்தி கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டே இருந்தாள். நானும் தினமும் ஒரு ஜோடிக் கால் கழுவுகிறேன். ஆனால் ஒருநாளும் இவர் முகத்தைப் பார்த்துக் கழுவியதில்லை என்று அப்போது தோன்றியது. வேலையைத்தான் பார்ப்பேன்.

அந்த நினைப்போடு வீட்டுக்கு வந்தால், படியேறும்போதே கேட்கிறது, எட்டு மணிக் கதையின் பாட்டு! என் வீட்டில்! பெரிய வியாழனன்று!

"ஜெசிந்தா!"

அவள் துள்ளி எழுந்தாள். "யக்கா, கோவப்படாதிய. இன்னைக்கு முக்கியமான இடம். அஞ்சே நிமிசம் பாத்துட்டு அமத்திரலாம்னு..."

"என் நேர்ச்சையக் கெடுத்துட்டியேட்டி! பேச்சு வரணும்னு வயித்தக் கட்டி வாயக் கட்டிக் கெடக்கேன்..."

"நேந்தது நீங்க. அண்ணன் நேரலையே!"

ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தேன். அப்போதுதான் இவரைப் பார்த்தேன். தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "தா, தா, தா" என்று டிவியைக் காட்டினார், என்னைக் காட்டினார், டிவியைக் காட்டினார். இத்தனை 'தா' ஒன்றாக வந்து எவ்வளவோ நாளாயிற்று.

"பாத்தியா, இந்நேரம் வரைக்கும் நல்லா இருந்த மனுசர நீ பாடாப் படுத்தி வச்சிருக்க" என்று அதற்கும் அவளைத்தான் திட்டினேன்.

"படுத்தலக்கா. அவிய டிவியே பாக்கல. வாசலத்தான் பாத்துட்டிருந்தாவ, நீங்க வாறியளான்னு. அந்தப் பிள்ளைய மாத்துன நர்ஸ்காரி பேரு சொன்னதும் சடக்குன்னு திரும்புனாவ, அவ்வளவுதான்."

அவள் போன பிறகு சோறு வைத்தேன். ஒரு வாய் வாங்கவில்லை. தட்டைத் தட்டினார். ரசம் ஊற்றினேன். இடது கையால் தட்டைத் தூக்கித் தரையில் எறிந்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவர் ஒரு டம்ளரைக்கூட ஓசைப்பட வைத்ததில்லை.

தரையைத் துடைத்தேன். செபமாலை சொன்னேன். மனம் ஒட்டவில்லை.


மார்ச் 29, பெரிய வெள்ளி

டிவி இல்லை. துணியைத் திரும்பப் போர்த்திவிட்டேன்.


அதே நாள், மாலை

முறையாக எழுத வேண்டும். நடந்தது நடந்தபடி.

காலையிலும் இவர் சாப்பிடவில்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. உச்சிப்பொழுதுக்குக் கோயிலிலிருந்து கஞ்சியும் பயறும் வாங்கி வந்து தட்டில் ஊற்றி, பக்கத்தில் தேங்காய்த் துவையல் வைத்தேன். கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டார். பிறகு விரலால் தட்டு விளிம்பை ஒரு தட்டு.

"ரசம் இன்னைக்கு வைக்கலங்க. பெரிய வெள்ளில்லா?"

மறுபடி தட்டினார். இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினேன். தட்டைத் தள்ளினார். துவையலைத் தள்ளிவைத்தேன். தட்டினார். தண்ணீரை எடுத்தேன். தட்டினார்.

"என்னதான் வேணும் ஒங்களுக்கு?" என்று கத்திவிட்டேன்.

கத்தினதால்தான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் தட்டைப் பார்க்கவே இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பரிமாறும்போது அடுப்பைப் பார்ப்பேன், குழம்பைப் பார்ப்பேன், கரண்டியைத் தேடுவேன். பார்த்துக்கொண்டே, அன்றைக்குப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே போவேன். யாரிடம் சொல்கிறேன் என்ற நினைப்புகூட இருக்காது. ரெஜினா படிப்பில் இருப்பாள். பாத்திரங்களிடம் சொல்வதாகத்தான் எனக்கு நினைப்பு. இவர் 'ம்' என்றுகூடச் சொல்ல மாட்டார். இடையில் மூடியை எடுக்கவோ அப்பளம் பொரிக்கவோ நிறுத்துவேன். அப்போது தட்டு விளிம்பில் டங் என்று ஒரு சத்தம் வரும். ரசம் கேட்கிறார் என்று எடுத்து ஊற்றுவேன். ஊற்றிக்கொண்டே விட்ட இடத்திலிருந்து கதையைச் சொல்வேன். தட்டுவது நின்றுவிடும்.

தட்டுவது நின்றுவிடும்.

அந்தக் கதை, அதற்கு முன்னால் ஓடிய கதை, அதற்கும் முன்னால் ரெஜினா பிறக்காத காலத்துக் கதைகள். எல்லாக் கதையும் முடிகிறவரை வாசலில் காத்திருந்துவிட்டுச் சாப்பிட வந்தாரே. ஆண்டவரே, எதைக் கொண்டுவந்து உமக்குக் காணிக்கை வைத்தேன் நான்? என்னுடையது என்று நினைத்தல்லவா வைத்தேன்?

பெரிய வெள்ளி. ஊரில் எந்தக் கோயில் மணியும் அடிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆண்டவர் உயிர் விட்ட நேரம் வரும். எல்லோரும் சிலுவைக்கு முத்தம் கொடுத்து முத்தி செய்யக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். செருப்புச் சத்தம் தெருவில் கேட்கிறது. நான் கருப்புச் சேலை கட்டி முக்காடும் எடுத்துவைத்திருக்கிறேன். பாஸ்காவுக்கு மீதி இருப்பது ஒரு நாள். ஒரே ஒரு நாள் பொறுத்தால் நேர்ச்சை முழுசாகிவிடும். இவர் அந்த ஒரு நாள் பட்டினி தாங்குவாரா? அதை விடவும், இன்றைக்கும் நான் எழுந்து போய்விட்டால் இவர் இனி தட்டுவாரா?

மாதா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவள் கேட்கக் கூடாது என்றா, அவளும் கேட்டால் எனக்குக் கூச்சம் என்றா!

"அந்த வசுந்தரா இருக்காள்ல..." என்று தொடங்கினேன்.

விரல் அப்படியே நின்றது.

"பாவி மட்ட, அவளுக்கு என்னைக்கு நிம்மதி? நாத்தனாக்காரி பிரேமலதா சும்மா இருப்பாளா? ஆஸ்பத்திரியில காசக் குடுத்து, இவ பெத்த ஆம்பளப் பிள்ளைய எடுத்துட்டு யாரோ பெத்த பொம்பளப் பிள்ளையக் கொண்டாந்து போட்டுட்டா. அந்த நாள் நல்ல மழ. கரண்டு இல்ல..."

ஒரு கரண்டி கஞ்சியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மூடிக்கொள்வாரோ என்று பயம். முன்பு சொன்னதுதான், தவக்காலத்துக்கு முன்னால் பார்த்தது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதையே அழுதுகொண்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டும் சொல்லிக்கொண்டு போனேன்.

"அந்த இருட்டுல மெழுகுவத்திய ஊதி அணைச்சிட்டு, தொட்டில்லருந்து பிள்ளையத் தூக்கிட்டா அந்த நர்ஸ்காரி, அந்தக் காந்திமதி..."

டங். டங். டங்.

"சொல்லுதேன், சொல்லுதேன், இருங்க. அந்தக் காந்திமதி என்ன செஞ்சான்னா..."

தலையை ஆட்டினார். இப்படியும் அப்படியும், கோபமாக. முகம் சிவந்து கோணியது. உதடு முன்னால் குவிந்தது. கழுத்து நரம்பு எழுந்தது. எங்கேயோ ரொம்ப அடியில் இருந்து எதையோ கட்டி இழுத்து மேலே கொண்டுவருகிற மாதிரி இருந்தது. நான் பயந்து கையைப் பிடித்தேன்.

"கோ" என்றார்.

நான் பிடித்த கையை விடவில்லை.

"கோ... த."

கோதை. பிள்ளையை மாற்றிய நர்ஸ் பெயர் கோதை. காந்திமதி நல்லவள், கண்ணால் பார்த்துவிட்டுச் சாட்சி சொல்லப் பயந்தவள். நான்தான் அழுகையில் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

"ஆமாங்க" என்றேன். "கோதைதான். காந்திமதி இல்ல. கோத."

"கோத" என்றார் இவர், விட்டுக்கொடுக்காத குரலில். பிறகு வாயைத் திறந்து காட்டினார், கஞ்சிக்கு.

தட்டு காலியாகிறவரை ஊட்டினேன். மூன்று மணி எப்போது கடந்தது என்று தெரியவில்லை. கோயில் பக்கம் மரக்கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. இன்றைக்கு மணிக்குப் பதிலாக அதைத்தான் தட்டுவார்கள். நான் போகவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்யவில்லை. இவருடைய வாயைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் என் முகத்தையும் துடைத்துக்கொண்டு, அந்தச் சொல் வெளியே வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் எட்டாத இடத்தில் விளக்கை ஏந்தி நின்ற மீனைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி மேனி சிலிர்க்கவில்லை.

என் பெயர் இல்லை. பெற்ற மகள் பெயர் இல்லை. ஆண்டவர் பெயரும் இல்லை. ஒரு பிள்ளை திருடியின் பெயர்! அதுவும் நான் தப்பாகச் சொன்னதைத் திருத்த!

வரவு: கோதை.


மார்ச் 30, சனிக்கிழமை

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நேர்ச்சையை ஒரு நாள் முன்னால் முறித்ததையும், அது எந்த நாள், எந்த நேரம் என்பதையும், என்ன கதை என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். சாமியார் காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். பெரிய அபராதம் வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தக் கோதைதான் மாத்துனாளா?" என்றார். "எங்க சமையக்காரம்மா காந்திமதின்னுல்ல சொன்னாவ."

அபராதம் ஒரே ஒரு அருள்நிறை மந்திரம். இரவு பாஸ்காத் திரியை ஏற்றி, வானவர் கீதத்துக்கு எல்லா மணியும் ஒன்றாக அடித்தபோது எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடினேன்.


மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

ரெஜினா போனில். காதில் வைத்தேன். "கோத" என்றார். "யாரும்மா கோதை?" என்று அவள் பதறினாள். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டுக்கறி வெந்துவிட்டது.


ஏப்ரல் 1, திங்கள்

ஷாஹிதா மிஸ் வந்தாள். கணக்கை முழுசாக வாசித்துக் காட்டினேன். பூசை, ஆழ்கடல், எறும்பு, கிரிக்கெட், கிரேன். பெரிய வெள்ளிக்கு வந்தபோது அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குடையையும் வாழைப்பழத்தையும் பையில் போட்டுவிட்டு வெள்ளை அட்டைகளை எடுத்தாள். நான் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல எழுதினாள். வசுந்தரா. பிரேமலதா. காந்திமதி. கோதை. இவர் எழுந்து உட்கார்ந்தார். 'வசு' வரை வந்தது. மீதி அடுத்த முறை.

"ஒரே நாள்ல எல்லாம் வராதும்மா. ரொம்ப நாள் ஆகும். ஆனா கதவு திறந்துடுச்சு" என்றாள்.

ஆறு வாரக் கதையை ஜெசிந்தா மதியம் முழுக்க உட்கார்ந்து சொன்னாள். நான் கேட்டேன். இவர் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னண்ணே, நான் சொன்னா கத இல்லையா?" என்று அவள் கோபித்துக்கொண்டு போனாள்.

எட்டு மணிக்கு இவருடைய நாற்காலியை டிவிக்கு நேராக, நல்ல இடமாகப் பார்த்துப் போட்டேன். இனி சேர்ந்தே பார்க்கலாம் என்று ஆசை. இவர் தலையை ஆட்டினார். கையை வாசல் பக்கம் காட்டினார். இந்தத் தடவை எனக்குப் புரிய வருஷக்கணக்கு ஆகவில்லை. நாற்காலியை வாசலில் கொண்டுபோய்ப் போட்டு, தாங்கிப் பிடித்து உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து நான் மட்டும் பார்த்தேன். முடிவுப் பாட்டு வந்ததும் வெளியிலிருந்து ஒரு 'தா'.

சோறு வைத்தேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கோதை போலீசில் மாட்டுகிற இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். டங்.

கரண்டியில் ரசத்தை எடுத்துக்கொண்டு கேட்டேன். "ரசமா, கதையா?"

வெகுநேரம் முயன்றார். "க... த."

எனக்கு இன்னும் ஒன்று தெரிந்தாக வேண்டும். எத்தனை வருஷம், எத்தனை கரண்டி, ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் அத்தனையும் குடித்தவர் அல்லவா?

"உள்ளதச் சொல்லுங்க. ஒங்களுக்கு ரசம் புடிக்குமா?"

இவர் ரசத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோணிய வாயின் ஓரம் மெல்ல ஒதுங்கிச் சிரிப்பாக மாறியது.

"இல்ல" என்றார். சுத்தமாக, திக்காமல்.

மீதி ரசத்தை நானே குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.